தேயிலையிலிருந்து தேங்காய்க்கு

குன்னூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள ரவி,

நீ திட்டுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். உன் கடிதம் இரண்டிலும் "வேலை என்னாச்சு?" என்று கேட்டிருந்தாய். நல்ல பதில் கிடைத்ததும் எழுதலாம் என்று இருந்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் குளிர் வந்தால் முழங்கால் வலியும் கூடவே வந்துவிடுகிறது. மகள் ப்ளஸ் டூ. நாம் ஹெட்லைட் என்று கூப்பிடுவோமே, அந்த சார் ரிட்டயர் ஆகிவிட்டார். இங்கே பெட்ஃபோர்டு பக்கம் என்னைப் பார்த்து, "உன் கூட்டாளி இன்னும் கடன் வாங்கிட்டுத்தான் திரியுறானா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய்த்தூள் ஆலையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தரக்கட்டுப்பாடு, இரவு ஷிஃப்ட். சம்பளம், டீ ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக நான் வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் இருந்த ஃபேக்டரி கை மாறியபோதே இனி டீ வேண்டாம் என்று முடிவு செய்ததுதான் உனக்குத் தெரியுமே. வேறு எஸ்டேட்டில் கேட்டிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். ஆனால் ஏல விலை இறங்கினால் நமக்கும் இறக்கம், பச்சை இலை வரத்து குறைந்தால் வீட்டில் உட்கார் என்கிற பிழைப்பை ஓய்வு பெறும் வரை ஓட்ட மனசில்லை. உணவுத் துறை பெரிசு, உள்ளே நுழைந்துவிடலாம் என்று நினைத்தேன். நுழைவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

எங்கே போனாலும் ஒரே கேள்வி: "டீயை விட்டு ஏன் வர்றீங்க?" உண்மையைச் சொன்னால் முகம் சுருங்குகிறது, அலங்கரித்துச் சொன்னால் எனக்கே கூசுகிறது. ஒருவர், "உங்களுக்கு அனுபவம் ரொம்ப அதிகம்" என்றார். அடுத்தவர், "எங்க லைன்ல அனுபவமே இல்லையே" என்றார். இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே பயோடேட்டாவைப் பார்த்து! ஒரு கன்சல்டன்சியில் பதிவுக்கட்டணம் கட்டினால் உடனே ஆர்டர் என்றார்கள். வேலை கொடுக்கிறவன் ஏன் என்னிடம் காசு கேட்கிறான் என்று போனை வைத்துவிட்டேன். வீடியோ இன்டர்வியூ ஒன்றில் பாதியில் சிக்னல் போனது. மாடிக்கு ஓடி மறுபடி பிடித்தால், பின்னால் சரிவில் காட்டெருமை வந்து நிற்கிறது. இன்டர்வியூ எடுத்த பெண் கேள்வியை விட்டுவிட்டு அதைப் பற்றியே விசாரித்தாள். அந்த வேலையும் வரவில்லை. காட்டெருமையையாவது வேலைக்கு எடுத்திருக்கலாம்.

பி.எஃப். பணத்தில் கை வைக்கவில்லை, கவலைப்படாதே. உன் புலம்பலுக்குப் பயந்தே விட்டுவைத்தேன். 10 வருடம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு, ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்தால் அடுத்த வேலையின் சர்வீஸும் அதோடு சேரும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய் அல்லவா, அதைச் செய்துவிடுகிறேன்.

இனி நான் சொல்வதைச் சிரிக்காமல் படி. அந்தத் தேங்காய் ஆலையைச் சுற்றிப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தில் இல்லை. டிரையர் அருகில் போனதும் கால் தானாக நின்றுவிட்டது. வாடிய இலையை சி.டி.சி. உருளை மெஷினில் நசுக்கி, புளிக்க வைத்து, டிரையரில் ஏற்றி, ஈரத்தை 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறக்குவதுதான் இத்தனை வருடம் நான் செய்த வேலை. அங்கேயும் துருவலின் ஈரம் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பரவாயில்லையே, பாதி வேலை தெரியும் என்று நினைத்தேன்.

மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. டீயில் நாம் பயந்தது சுவை கெட்டுவிடும், ஏலத்தில் விலை போகாது என்றுதான். தேங்காய்த்தூளில் பாதிக்கு மேல் எண்ணெய், கொஞ்சம் அசந்தால் சிக்கு வாடை. அதைவிட மோசம் சால்மொனெல்லா கிருமி. நம் டீயைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத்தான் குடிப்பார்கள். இந்தத் தூளை பிஸ்கட் மேலே அப்படியே தூவிவிடுவார்கள். அதனால் ஓடு உடைத்து, பழுப்புத் தோலைச் சீவி, கழுவிய தேங்காய்ப் பருப்பை வெந்நீரிலோ ஆவியிலோ காட்டுகிற இடம்தான் அங்கே உயிர்நாடி. எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்காவிட்டால் அந்த லாட் முழுக்கச் சந்தேகம். ஹேசப் (HACCP) என்கிற உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் மனப்பாடம் செய்ததெல்லாம் அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

கையில் இருக்கும் திறமை எங்கேயும் உதவும் என்று எல்லோரும் சொல்கிறார்கள் இல்லையா, அது பாதிதான் சரி. சூடும் ஈரமும் நேரமும் என்னோடு வரும். மூக்கு வராது. விடியற்காலையில் புளிப்பு அறைக்குள் நுழைந்ததும் இப்போது ஏற்று, இன்னும் பத்து நிமிடம் விடு என்று சொல்லும் மூக்கு எனக்கு. அதற்கு எந்தப் பயோடேட்டாவிலும் ஒரு கட்டம் கிடையாது. அங்கே எனக்கு மேலதிகாரியாக வரப்போகிற பையனுக்கு, நான் கடைசியாகப் பழக்கிவிட்ட டிரெய்னியின் வயசுதான் இருக்கும். நல்ல பையன், "சார்" என்றுதான் பேசினான். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். மகள் பரீட்சை முடியும் வரை குடும்பம் இங்கே, நான் அங்கே ஒரு அறையில். வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் வழியாக பஸ். மனைவியின் தையல் வருமானத்தையும் சேர்த்தால் ஒரு வருடம் மூச்சுத் திணறாமல் ஓடும், அதற்கு மேல் சம்பளம் ஏற வேண்டும். அவள், "போங்க, வீட்டில் உட்கார்ந்து எனக்கு டீ போடச் சொல்லிக்கொடுத்தது போதும்" என்கிறாள். அம்மாதான் ஒன்றும் பேசவில்லை.

நான் போகலாம் என்ற பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் நீ ஒருமுறை பார்த்துச் சொல். வேலை ஆர்டரின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு சம்பளத்தைப் "பரிசீலிப்போம்" என்று போட்டிருக்கிறார்கள். தொகையை எழுத்தில் கேட்கலாமா, கேட்டால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களா? அப்புறம், உன் மச்சினன் இன்னும் பொள்ளாச்சியில்தானே இருக்கிறான்? பஸ் ஸ்டாண்டு பக்கம் குறைந்த வாடகையில் அறை கிடைக்குமா என்று கேட்டு, செவ்வாய் ராத்திரிக்குள் போன் பண்ணு. வழக்கம்போல மிஸ்டு கால் கொடுத்து ஏமாற்றாதே.

உன்,
மணி