வெள்ளை ஹெல்மெட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படி.

கனடாவில், விஸ்லர் மலையில் நீ சைக்கிளோடு நிற்கும் படம் வந்தது. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மெலிந்துவிட்டாயாம். நான் பார்த்தது ஹெல்மெட்டை. வெள்ளை உனக்கு எடுப்பாக இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தபோது காட்டிய நீல ஹெல்மெட்டும் நல்லதுதானே? விலைகூட அதிகம் என்றாய்.

சரி. பனிச்சறுக்குக்கு ஓடும் லிஃப்டிலேயே கோடையில் சைக்கிளை மாட்டி மலை உச்சிக்கு ஏற்றுகிறார்கள் என்று பெரியம்மா வீட்டில் சொன்னேன். "பொம்பளப் பிள்ளைக்கு மலையில சைக்கிள் எதுக்கு?" என்று மாமா ஆரம்பித்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் மலை சைக்கிள் போட்டி வைத்தார்கள் என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை.

இங்கே கோலாலம்பூரில், புக்கிட் கியாராவில் காலையில் நடக்கப் போகும்போது, பிள்ளைகள் சைக்கிளில் இறங்குவதை இப்போதும் நின்று பார்ப்பேன். பழைய கித்தா, அதாவது ரப்பர் தோட்டம், பாதை முழுக்க வேர். மழை பெய்த மறுநாள் அந்த வேரில் டயர் பட்டாலே வழுக்கும். வேரை நேராகக் கடக்க வேண்டும், அதன் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடக்கூடாது, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், கண் முன்சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்க வேண்டும். எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே பயிற்சியாளரிடம் வளைவு கற்றுக்கொள்வதாக எழுதியிருந்தாய். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே போனதும் உடம்பைச் சாய்க்காமல் சைக்கிளைச் சாய்க்க வேண்டும் என்றாய். சுலபமான பச்சை வட்டப் பாதையில் ஆரம்பித்து, நீலச் சதுரத்தைத் தாண்டி, கடினமான கருப்பு டைமண்ட் பாதையில் இறங்கிவிட்டேன் என்று எழுதினாயே, அதை எத்தனை பேரிடம் படித்துக் காட்டினேன் தெரியுமா? கித்தாப் பால் வாளியைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்கு, தோட்டத்துக்குச் சைக்கிள் மிதித்தவர் உன் தாத்தா. இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

அதற்கு அப்புறம்தான் நீ பேசுவது குறைந்துபோனது.

ஹெல்மெட்டைப் பற்றியும் நீதான் எனக்குச் சொன்னாய். உள்ளே இருக்கும் கெட்டி நுரை அடியை வாங்கி ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும் என்றாய். நிறம் பிடிக்காமல் மாற்றியிருக்கலாம். பயிற்சியில் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

போனைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்று தம்பியிடம் சொன்னாயாமே. வேலை அதிகம் என்றாயாம்.

பொதுவாகச் சொல்கிறேன். தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, மறதி, தூக்கம் கெடுவது இதெல்லாம் ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் முதல் அடியைவிட மோசம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை சைக்கிளைத் தொடாதே. ஆஸ்பத்திரிச் செலவை யோசித்துக்கொண்டு போகாமல் இருந்துவிடாதே, அப்பாவிடம் கேள்.

தாடைவரை மூடும் ஹெல்மெட்டையே போடு. முழங்கால் காப்பைக் கழற்றாதே. இங்கே ஏழரை மணிக்கு இருட்டிவிடும், வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று கடைசியாக இன்னொரு தடவை ஏறாதே. களைத்த விரல் பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது. ஹெல்மெட்டின் வாரை இறுக்கிப் போடு.

தம்பியிடம் சொல்கிறாய், எங்களிடம் மறைக்கிறாய். நிறுத்தச் சொல்வோம் என்று பயமா? கியாராவில் விழுந்து முழங்கை உரிந்து வந்த அன்று, டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டு, பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்று என்றுதானே சொன்னேன்? நிறுத்து என்று இன்றுவரை இந்த வாயால் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் நீ சொல்லாமல் இருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

அம்மாவுக்கு அங்கே கரடி இருக்கிறதாமே என்ற ஒரே கவலைதான். ஹெல்மெட்டைப் பற்றி அவளிடம் நான் வாய் திறக்கவில்லை. தம்பிக்கு வேலை மாறிவிட்டது, அவனே சொல்வான்.

உனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி என்றால் இங்கே ஞாயிறு காலை எட்டு. அந்த நேரம் நான் கியாராவில் இருப்பேன், அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாள். கூப்பிடு. கண் கூசினால் வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும். எப்போது விழுந்தாய், டாக்டர் என்ன சொன்னார், இந்த இரண்டையும் என்னிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா