139 கிரெடிட்டில் நின்றுபோகும் பட்டம்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பணியாற்றும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டு மாணவர்களின் கோப்புகளைப் பார்ப்பது எங்கள் வேலை. எங்களில் வகுப்பு ஆலோசகர்களும் உண்டு, கல்லூரித் தேர்வுப் பிரிவில் இருப்பவர்களும் உண்டு. ஒரு மாணவர் பட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டாரா என்ற கணக்கு பெரும்பாலும் கடைசி செமஸ்டர் முடிவு வந்த பிறகுதான் போடப்படுகிறது. அதை ஓராண்டு முன்னதாகப் போட்டு, மாணவர் கையிலும் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மொத்தத்தில் பெரிய குறை விழுந்து பட்டம் நிற்பது அபூர்வம். வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். கலை அறிவியல் இளநிலைப் படிப்பில் பல இடங்களில் 140 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), ஐந்து பகுதிகளாக. முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும், நான்காவது சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, பிற துறைப் பாடம் போன்றவை. ஐந்தாவது பகுதி விரிவாக்கப் பணி. பெரும்பாலும் ஒரே ஒரு கிரெடிட். அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டுப் பொறுப்பாளர் அனுப்பும் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் 139. நடுவில் வரும் மதிப்பெண் பட்டியல் எதிலும் இது தெரியாது. மூன்றாண்டு கழித்து முடிவு நிறுத்திவைக்கப்படும்போது பொறுப்பாளர் மாறியிருப்பார். வருகைப் பதிவேட்டைத் தேடி ஒரு மாதம் ஓடும்.

ஒரு வகையில் கூடுதலாக இருப்பது இன்னொரு வகையின் குறையை அடைக்காது என்பதும் மாணவர்களுக்கு யாரும் சொல்லாத விதி. பிற துறைப் பாடம் எடுக்க வேண்டிய இடத்தில் சொந்தத் துறை விருப்பப் பாடத்தையே இன்னொன்று எடுத்துவிடுகிறார்கள். மொத்தம் சரியாக வருகிறது, பட்டம் வருவதில்லை. பதிவு செய்யும் நாளிலேயே மென்பொருள் தடுத்திருக்க வேண்டிய பிழை இது.

படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் திரும்புகிறவர்களின் கோப்புதான் எங்களை அதிகம் அலைக்கழிப்பது. அவர் போனபோது ஒரு பாடத்திட்டம், வந்தபோது வேறு. பழைய திட்டத்தில் நான்காம் செமஸ்டரில் இருந்த பாடம் புதியதில் மூன்றாவதுக்கு நகர்ந்திருக்கும். அவர் நான்காவதில் சேர்ந்தால் அந்தப் பாடம் அவருக்கு வரவே வராது. பழைய பாடத்துக்கு ஈடாக எதைப் படிக்கலாம் என்று சொல்லும் இணைப் பாடப் பட்டியலைப் பாடத்திட்டக் குழு அவர் சேரும் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. நடைமுறையில் அவருடைய கடைசித் தேர்வுக்குப் பிறகுதான் அந்தத் தாள் மேசைக்கு வருகிறது. பழைய திட்டத்து அரியர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான்: பழைய பாடக் குறியீட்டுக்கு எந்த மாதம் வரை வினாத்தாள் தயாரிப்பீர்கள் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள்.

அடுத்தது இணையவழிப் படிப்புகள். ஐ.ஐ.டி.கள் போன்ற நிறுவனங்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்பில் 4 வாரத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட் என்பது பரவலான கணக்கு. படிப்பில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். சேர்ந்ததையே தேர்வுப் பதிவு என்று நினைத்துக் கோட்டை விடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இன்னொரு கண்ணி: அங்கே பயிற்சிக்கு 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 வாங்கினால் சான்றிதழ் கிடைத்துவிடும், அதாவது மொத்தம் 40. உங்கள் விதி 50 கேட்டால் 43 வாங்கியவர் சான்றிதழோடு வந்து நிற்பார், கிரெடிட் ஏறாது. எனவே கடைசி செமஸ்டரில் முதன்முறையாக இந்த வழியை எடுக்க விடாதீர்கள். அதன் முடிவு உங்கள் முடிவுக்குப் பிறகு வந்தால், தேர்ச்சி பெற்ற மாணவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரெடிட் குறையைச் சில மாதங்களில் ஈடுகட்டலாம். பாதுகாப்புத் தாளில் அச்சான பெயரைத் திருத்துவது அதைவிடக் கடினம். பட்டச் சான்றிதழில் ஆங்கிலத்தோடு தமிழிலும் பெயர் வரும் இடங்களில், ஆங்கிலப் பெயரைப் பார்த்துத் தமிழை ஊகித்துத் தட்டச்சு செய்கிறார்கள். ஆங்கில எஸ் என்ற இனிஷியல் சரவணனுக்கு ச., செல்வத்துக்கு செ., சோமுவுக்கு சோ. எங்கிருந்து தெரியும்? ல, ள, ழ மூன்றும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே எழுத்தாகிவிடும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓரெழுத்தாக இருக்கும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் இரண்டும் ஒருவர்தானா என்று கேள்வி வரும். இறுதியாண்டுத் தொடக்கத்தில், அச்சில் வரப்போகும் வடிவிலேயே இரு மொழியிலும் பெயரைக் காட்டி, இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, மாணவரிடம் கையொப்பம் வாங்குங்கள். அப்போதே ஏ.பி.சி. (மாணவரின் கிரெடிட்டைச் சேமித்து வைக்கும் தேசிய டிஜிட்டல் வங்கி) கணக்கில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் உங்கள் பதிவோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடலாம். பொருந்தாவிட்டால் கிரெடிட் பதிவேற்றம் சிக்கிக்கொள்ளும். ஆதார் எண்ணை மட்டும் சான்றிதழில் அச்சிட வேண்டாம். தற்காலிகச் சான்றிதழிலும் பட்டத்திலும் அது கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2023 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

மறுமதிப்பீடு கேட்டிருப்பவரின் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலை அவசரப்பட்டு அச்சிடாதீர்கள். மதிப்பெண் மாறினால் பழையதைத் திரும்பப் பெற்றுப் புதியது தர வேண்டும். இடையில் அவர் பழைய நகலை நான்கு நிறுவனங்களுக்கு அனுப்பியிருப்பார். நிலுவையின்மைப் படிவம் பற்றி ஒரே வரி: நூலகம், விடுதி, ஆய்வகம் என்று மாணவரை ஓடவிடாமல், பாக்கி உள்ளவர்கள் பட்டியலைத் துறைகளே அனுப்பட்டும்.

பட்டமளிப்பு விழா நடக்கவில்லை என்பது பட்டம் தராததற்குக் காரணமாகாது. மாணவர் தகுதி பெறுவார் என எதிர்பார்க்கப்படும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் தர வேண்டும் என்கிறது யு.ஜி.சி.யின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. தன்னாட்சிக் கல்லூரி தேர்ச்சிப் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப எடுக்கும் நாட்களும் இந்த 180க்குள்தான் அடங்கும். பட்டியல் பகுதி பகுதியாகப் போவதால்தான் பல கல்லூரிகளில் நாள் கரைகிறது. முடித்தவர்களின் பெயரை முதலில் ஒரே பட்டியலாக அனுப்பிவிட்டு, நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்குத் துணைப்பட்டியல் ஒன்று என வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாண்டுப் படிப்புக்கு நான்காம் செமஸ்டர் முடிவோடும், நான்காண்டுப் படிப்புக்கு ஆறாம் செமஸ்டர் முடிவோடும் வகைவாரிக் கிரெடிட் தாள் ஒன்றைச் சேர்த்து வெளியிடுங்கள்: தேவையானது, பெற்றது, மீதி என்று மூன்று பத்தி போதும். தரவு உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வரும் முடிவு அறிவிப்பிலிருந்தே இதைத் தொடங்கினால், இப்போது இறுதியாண்டுக்குப் போகிறவர்களுக்கு ஓட்டையை அடைக்க இரண்டு செமஸ்டர் கிடைக்கும்.

இப்படிக்கு,
இறுதியாண்டு வகுப்பு ஆலோசகர்களும் தேர்வுப் பிரிவு ஊழியர்களும்