தலையணைக்கு அடியில் கிடந்த மாத்திரை அட்டை

கண்ணா,

நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு படுக்கையைத் தட்டிப் போட்டபோது தலையணைக்கு அடியில் வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது, பத்தும் காலி. ராத்திரி 2 மணிக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாயே, அதையும் பார்த்தேன். கேட்டதற்கு "கேஸ்தாம்மா" என்றாய். போனில் சொன்னால் "சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சாப்பிட்ட பிறகு அந்த மாத்திரையைப் போடுகிறாய், அது தப்பு. வயிற்றில் அமிலம் சுரக்கிற பம்புகள் சாப்பிடும்போதுதான் மும்முரமாக ஓடும், ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்க முடியும், ரத்தத்தில் அது தங்குவதோ சில மணி நேரம்தான். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடு. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும், எரிச்சல் உடனே போகவில்லை என்று இரண்டாகப் போடாதே.

அப்புறம், நான் பட்டதைச் சொல்கிறேன். டாக்டரிடம் திரும்பப் போகாமலே இரண்டு வருஷம் இதே வகை மாத்திரையான ஒமிப்ரசோல் விழுங்கினேன். ஒருநாள் பட்டென்று நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக எரிந்தது, வியாதி முற்றிவிட்டது என்று பயந்தே போனேன். அடைத்து வைத்த அமிலம் தடை நீங்கியதும் கொஞ்ச நாள் கூடுதலாகச் சுரக்குமாம். டாக்டர் மறுபடி ஆரம்பித்து மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்தினார். ரத்தத்தில் பி12 வைட்டமினும் குறைந்திருந்தது, வருஷக்கணக்கில் போட்டால் அப்படி ஆகலாம் என்றார்.

எனக்குக் கவலை, உனக்கு ஏன் எரிகிறது என்று யாருமே பார்க்கவில்லை என்பதுதான். தலைவலிக்கு நீ போடுகிற ஐபுப்ரோஃபென் ஒன்றே வயிற்றைப் புண்ணாக்கப் போதும். இல்லையென்றால் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியாக இருக்கலாம். அல்சருக்கு டென்ஷனும் அமிலமும்தான் காரணம் என்று டாக்டர்களே நம்பிய காலத்தில், 1984-ல் பாரி மார்ஷல் என்கிற ஆஸ்திரேலிய டாக்டர் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார், 2005-ல் அவருக்கும் கூடவே ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து மருந்து கொடுப்பார்கள். ஆனால் நீ தினமும் போடுகிற இந்த மாத்திரையாலேயே மூச்சுப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம், அதனால் எத்தனை நாளாகப் போடுகிறாய் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, எடை தானாகக் குறைந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதே. ரத்த வாந்தி என்றால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடு.

ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படு, இடது பக்கம் திரும்பிப் படு. இந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுது.

அம்மா