பெட்டிக்காரருக்குத் தர வேண்டிய பணம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஸ்தோத்திரம். பேக்கரி திறப்பு விழா அழைப்பிதழ் கிடைத்தது. பெயர்ப்பலகையில் 'யெகோவாயீரே' (கர்த்தர் பார்த்துக்கொள்வார்), சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபம், முதல் நாள் வசூல் சபைக்கு. நல்லது. "வேதத்தின்படி கடை நடத்த என்ன செய்ய வேண்டும், மாமா?" என்று கேட்டிருந்தாய். கள்ளத்தராசு பற்றி ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்துவிட்டாய். எடை குறைக்கிற ஆள் நீ இல்லை. நானும் இல்லை. என் தவறு வேறு இடத்தில் இருந்தது.

நாகர்கோவிலில் நான் கடை வைத்திருந்தபோது டிசம்பர் என்றால் கேக் மாதம். அட்டைப்பெட்டி செய்து தருகிறவர் ஒருவர் இருந்தார். அவரும் மனைவியும் வீட்டிலேயே பசை தடவி ஒட்டுவார்கள். ஓர் ஆண்டு 24ஆம் தேதி மாலை, கூட்டம் முண்டியடிக்கிற நேரத்தில், பில்லை நான்காக மடித்துப் பிடித்தபடி கல்லா ஓரமாக வந்து நின்றார். விரல் நுனிகளில் காய்ந்த பசை உரிந்துகொண்டிருந்தது. "புது வருடம் கழியட்டும், அண்ணாச்சி" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனார், காசு கொடுத்து. அவர் ஒட்டிய பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தோம்.

31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போட்டேன். மேலே என் பெயர். உள்ளே அவருடைய பணம். அவருக்குக் கொடுத்தது ஜனவரி கடைசியில்.

காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறதே, அதைச் சண்டைக்காரர்களுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன். பில்லோடு நிற்கிறவரும் அந்தச் சகோதரன்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

நல்லவர்களுக்கே வருகிற வியாதி இது. இங்கிலாந்தில் சாக்லேட் செய்த கேட்பரி குடும்பத்தாரை எடுத்துக்கொள். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையார், போர்ன்வில்லில் தோட்டத்தோடு வீடுகள் கட்டிக் குடியிருப்பு அமைத்தவர்கள். ஆப்பிரிக்காவை அடுத்த சாவோ தோமே தீவில் அடிமை உழைப்பில் விளைந்த கோக்கோவைத்தான் வாங்குகிறோம் என்ற செய்தி 1901இலேயே வில்லியம் கேட்பரியின் காதுக்கு வந்தது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அரசிடம் பேசினார்கள். வாங்குவதை நிறுத்தியது 1909இல். அதே ஆண்டு, இதைச் சாடிய பத்திரிகைமீது போட்ட அவதூறு வழக்கில் ஜெயித்தார்கள். கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி.

பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குமேல் பணத்தை இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது நம் நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம். கூலிக்காரனுக்கு லேவியராகமம் விடியும்வரைகூடத் தவணை தரவில்லை. பெட்டிக்காரர் இரண்டையும் தூக்கிக்கொண்டு வரமாட்டார். அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொள்வார். நமக்கு அது வசதி.

விழாவுக்கு வருகிறேன். கண்ணாடி அலமாரி செய்த ஆசாரிக்கு மீதி கொடுத்தாயிற்றா? அழைப்பிதழ் கொடுத்தாயா? இல்லையென்றால் இரண்டையும் இந்த வாரமே கொடுத்துவிடு. முதல் நாள் வசூல் பற்றிய அறிவிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மாமா