நாலு விநாடியில் அணைந்த கம்ப்யூட்டரை மீட்டுத் தந்தவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவாருக்கும், கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்ற மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் மகளிர் குழுவின் கம்ப்யூட்டர் மறுபடி ஓடுகிறது. சேமிப்பு, கடன் தவணை, உளுந்து மாவு வாங்கிய கணக்கு, வெளியூருக்கு அப்பளம் அனுப்பிய பில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உங்களை ஒவ்வொருவராகப் பார்த்து நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவர் வந்த நேரத்தில் இன்னொருவர் இல்லை. யார் என்ன செய்தார் என்பது மற்றவருக்குத் தெரியாமலே போயிற்று. அது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மடல்.

வியாதி என்னவென்றால், பட்டனை அமுக்கியதும் உள்ளே விசிறி சுற்றும், முன்பக்கம் விளக்கு எரியும், மானிட்டரில் ஏதோ வரப் பார்க்கும். அதற்குள் பொட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அமுக்கினால் அதே கூத்து. ஆனி மாதக் கடைசி, வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு முழுக்க அதற்குள்ளேதான். டவுனில் ஒரு கடைக்குப் போன் போட்டுக் கேட்டோம். பெட்டியைக் கண்ணால் பார்க்காமலே, "போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிருங்க" என்றார்கள் (போர்டு என்றால் பெட்டிக்குள் எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பலகை). குழுப் பணத்தில் புதுசு வாங்குவதென்றால் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி... சரி, அதை விடுங்கள்.

முதல் நன்றி எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிக்கு. ஆனித் தேர் பார்க்க டவுனுக்குப் போயிருந்தவர், திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தார். கம்ப்யூட்டரை அவர் தொடவே இல்லை. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார், 226 வோல்ட் காட்டியது. "இது போதும், ஆனா கிரைண்டரைப் போடுங்க, பாப்போம்" என்றார். மாவு கிரைண்டர் ஓடும்போதும் பெரிதாக இறங்கவில்லை. அப்புறம் யுபிஎஸ்ஸை நடுவிலிருந்து எடுத்துவிட்டு வயரை நேரே சுவரில் மாட்டச் சொன்னார். யுபிஎஸ் பேட்டரி செத்துப் போயிருந்தாலும் இப்படி அணையுமாம். நேரே மாட்டியும் அணைந்தது. போகிறபோக்கில் பிளக் பெட்டிக்குள் எர்த் வயர் கழன்று தொங்கியதைக் கண்டுபிடித்து முடுக்கிவிட்டார். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று நாங்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இரண்டாவது, செல்போன் கடைத் தம்பி. இவர் செய்த காரியம்தான் என் வயிற்றில் பாலை வார்த்தது. வந்ததும், "அக்கா, பழுதை அப்புறம் பார்ப்போம், முதல்ல கணக்கை வெளிய எடுப்போம்" என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, தன் லேப்டாப்பில் மாட்டி, எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு யார் எதைக் கழற்றினாலும் எனக்குப் பதற்றம் இல்லை. வீட்டில் கணக்கோ பிள்ளைகளின் போட்டோவோ வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்படி அணைகிற கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்பப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால், நன்றாக இருக்கும் டிஸ்க்கும் கெட்டுப்போக வழி இருக்கிறது.

கரண்டை மாற்றி உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதித்ததும் அவர்தான். போர்டிலிருந்து அந்தப் பெரிய 24 பின் கனெக்டரை உருவி, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தார், போர்டு இல்லாமலே அதை ஓடவைக்க அதுதான் வழியாம். எஸ்எம்பிஎஸ் விசிறி நிற்காமல் சுற்றியது. மஞ்சள் வயரில் 12 வோல்ட்டுக்கு ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை சரி என்று சொல்லி மீட்டர் வைத்துக் காட்டினார். எங்களுடையது 12.1. "சும்மா சுத்துறதை வச்சு நல்லாருக்குன்னு சொல்ல முடியாது அக்கா, சுமை ஏறினா படுத்துரும்" என்று கடைக்குப் போய் வேறொரு எஸ்எம்பிஎஸ் கொண்டுவந்தும் மாட்டினார். அதிலும் அணைந்தது. ஆக, அதன் மேலும் குற்றமில்லை.

இங்கே மோட்டார் காயில் கட்டும் மாமாவுக்கு ஒரு நன்றி. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கலாமா என்று எங்களில் ஒருத்தி திருப்புளியை எடுத்தபோது, "கீழ வைட்டி" என்று ஒரு சத்தம் போட்டார். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்குமாம், ஆளையே தூக்கி எறியுமாம். அந்தச் சத்தத்துக்கு அன்றைக்குக் கோபப்பட்டவளும் சேர்ந்துதான் இன்று நன்றி சொல்கிறாள்.

பாலிடெக்னிக் படிக்கும் தம்பி, ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறக் காலை ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் மேல் இருந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கை எடுத்தபோது, சூட்டைக் கடத்த இரண்டுக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சரி, இதுதான் ஆள் என்று எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. சூடு எல்லை மீறினால் கருகிப் போகாமல் இருக்க பிராசசர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், அதனால் சந்தேகம் நியாயமானதுதான். புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு பிளாஸ்டிக் காலும் டக் டக் என்று உட்காரும்வரை அமுக்கி மாட்டினான். பட்டனை அமுக்கினோம். அணைந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் பேஸ்ட் மாற்ற வேண்டியதுதான், அவன் வேலை வீணில்லை.

இப்போது யாரும் எதிர்பார்க்காத ஆள். மூன்றாவது வீட்டு மதினியின் மகள், ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். வந்தவர்கள் எல்லாரிடமும் நாங்கள் "போட்டதும் உடனே அணையுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். இவள் வாய்க்குள்ளே எண்ணியிருக்கிறாள். "அத்தை, எப்பவும் நாலுதான். மூணும் இல்ல, அஞ்சும் இல்ல" என்றாள். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். நாலு. மறுபடியும் நாலு.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சூடு மணி பாத்து வராதும்மா. சூட்டுல அணைஞ்சா ஒரு தடவ இருவது எண்ணுவோம், உடனே திரும்பப் போட்டா அஞ்சு எண்ணுவோம், ஆறவிட்டுப் போட்டா கூட நேரம் ஓடும். ஷார்ட்டுன்னா எண்ண ஆரம்பிக்கவே விடாது, போட்ட நிமிஷம் போயிரும். தவறாம நாலுன்னா, இத யாரோ அணைக்கச் சொல்லுதாங்க."

அவர் முடிப்பதற்குள் பாலிடெக்னிக் தம்பி எழுந்து நின்றுவிட்டான். கம்ப்யூட்டர் தொங்கிப்போய் எதற்கும் அசையாமல் நிற்கும்போது நாம் என்ன செய்வோம்? பவர் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடிப்போம். நாலு விநாடி பிடித்தால் அணைந்துவிடும். அது விண்டோஸ் செய்யும் வேலை இல்லை, போர்டிலேயே உள்ள ஏற்பாடு. விண்டோஸ் வருவதற்கு முன்பும் அது வேலை செய்யும். எங்கள் பட்டன் அமுக்கினால் உள்ளே போய் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. நாம் கையை எடுத்துவிட்டோம், ஆனால் போர்டுக்கு யாரோ இன்னும் அமுக்கிக்கொண்டே இருப்பதாகத்தான் தெரியும். அப்புறம் அது என்ன செய்யும், பாவம்? அணைகிறது. கொஞ்ச நேரத்தில் பட்டன் மெல்ல வெளியே வந்துவிடுவதால் நம் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை.

சோதனை செய்ய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முன்பக்கப் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய இரட்டை வயரை, முனையில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதியிருக்கும், அதை உருவினான். வயர் இருந்த இடத்தில் ஊசி மாதிரி இரண்டு பின். திருப்புளி நுனியால் அந்த இரண்டை மட்டும் ஒரு தடவை தொட்டு எடுத்தான். விசிறி சுற்றியது. வாசலில் இருந்தவர்கள் சேர்ந்து எண்ணினார்கள். நாலு தாண்டியது, ஐந்து, பத்து, விண்டோஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். (இதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் கண்ட இடத்தில் திருப்புளியை வைக்காதீர்கள். அந்த இரண்டு பின் எவை என்று நிச்சயமாகத் தெரிந்தவர் செய்கிற வேலை.)

முன்பக்க மூடியைக் கழற்றினால் பட்டனைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். உளுந்து மாவு. மாவு சலிக்கும் இடம் கம்ப்யூட்டர் மேசைக்கு இரண்டு முழம்கூட இல்லை. தூசியும் மாவுமாய்ச் சேர்ந்து, மேற்கேயிருந்து அடித்த சாரல் ஈரத்தில் ஊறி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பளமே காயாத நாட்கள் அவை. நகத்தால் சுரண்டினால் துண்டு துண்டாக வந்தது. பட்டனுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் தளர்ந்துதான் இருந்தது. எவ்வளவு துடைத்தும் முழுசாகத் துள்ளி வெளியே வரவில்லை.

அதற்கும் தம்பியிடம் யோசனை இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு ரீசெட் பட்டன் இருக்கிறதே, அதன் வயரை எடுத்துப் பவர் பின்னில் மாட்டிவிட்டான். இரண்டும் அமுக்கினால் சேர்ந்து, விட்டால் பிரிகிற ஒரே வகைச் சுவிட்சுதான், அதனால் மாற்றி மாட்டலாமாம். செலவு என்று பார்த்தால் பேஸ்ட் வாங்கிய காசு மட்டும்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் படுத்திருந்த நேரத்தில் தலைக்கட்டு வாரியாகத் தவணைக் கணக்கை மனசிலிருந்தே ஒப்பித்த கோடி வீட்டு ஆச்சிக்கு நன்றி. பின்னால் சரிபார்த்தபோது ஒருத்தி கணக்கில் மட்டும் வித்தியாசம் வந்தது, பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தால் ஆச்சி சொன்னதுதான் சரி. கையால் எழுதிய கணக்கைத் தந்தாலும் இப்போதைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன வங்கித் தங்கச்சிக்கும், ஒவ்வொரு சாயங்காலமும் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துப் பால் கணக்கு எகிறிய மூன்றாவது வீட்டு மதினிக்கும் நன்றி. மதினி, அந்தப் பாலைக் குழுச் செலவில் எழுதிவிட்டேன், மறுக்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்கள் கவனிக்க: இனிமேல் சின்னப் பட்டனைத்தான் அமுக்க வேண்டும். பெரிய பட்டன் மேல் தாள் ஒட்டியிருக்கிறது. மாவு சலிப்பது பின்கட்டுக்குப் போய்விட்டது. தவணை வரவு விட்டுப்போனவர்கள் சனிக்கிழமை பாஸ்புக்கோடு வாருங்கள், பதிந்து தருகிறேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி, உங்கள் மீட்டர் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. நாளைக்குத் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள்,
கல்லிடைக்குறிச்சி