ஜூலை 24: வகுப்புக்கு விடுமுறை, வீட்டில் ஒரு வேலை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜூலை 24 யூட்டா மாநிலத்தில் ‘பயனியர் டே’ (முன்னோடிகள் நாள்) என்னும் அரசு விடுமுறை. நாம் வகுப்பு நடத்தும் கட்டடமும் அன்று பூட்டியிருக்கும். ஆகவே கோடைக்காலத் தமிழ் வகுப்பு நடைபெறாது.

பெற்றோர் சிலர் ஒன்று கேட்டிருந்தீர்கள். அது மார்மன் என்னும் கிறிஸ்தவ சபையாரின் பண்டிகை ஆயிற்றே, நம் பிள்ளைகளை சால்ட் லேக் சிட்டி அணிவகுப்புக்கு அழைத்துப் போகலாமா என்று. தாராளமாகப் போகலாம். அங்கே யாரும் யாரையும் மதம் மாற்றப் போவதில்லை. பக்கத்து வீட்டார் தங்கள் பாட்டன் பூட்டன் வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்து போனால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டு.

1844-இல் மார்மன் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தை இல்லினாய் மாநிலத்துச் சிறையொன்றில் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அதன் பிறகும் தொல்லை ஓயவில்லை. 1846 பிப்ரவரிக் குளிரில் சபை மக்கள் அதே மாநிலத்து நாவூ நகரத்து வீடுகளை விட்டு மிசிசிப்பி ஆற்றைக் கடந்தார்கள். மறு ஆண்டு, ஸ்மித்துக்குப் பின் சபையை நடத்திய பிரிகம் யங் தலைமையில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 சிறுவர்கள் கொண்ட முதல் குழு கூண்டு வண்டிகளில் மேற்கே புறப்பட்டது. 1847 ஜூலை 24 அன்று யங் இந்த சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். காய்ச்சலால் நடக்க முடியாமல் வண்டியில் படுத்தபடியே வந்தார். அவருக்கு முன்பே இறங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. கலப்பை உடையும் அளவுக்கு மண் இறுகிக் கிடந்ததால் ஓடையை மறித்து, தண்ணீரைப் பாய்ச்சி, நிலத்தை நனைத்து உழத் தொடங்கியிருந்தார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்தப் பயணத்தில் வில்லியம் கிளேட்டன் என்றொருவர் இருந்தார். நாளொன்றுக்கு எத்தனை மைல் கடந்தோம் என்பதை ஆளுக்கு ஆள் குத்துமதிப்பாகச் சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. வண்டிச் சக்கரத்தின் சுற்றளவை அளந்தார்: 14 அடி 8 அங்குலம். அப்படியானால் 360 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல். ஆரக்காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, பக்கத்தில் நடந்துகொண்டே எண்ணினார். முதல் நாளே நாலாயிரத்துக்கும் மேல்! அலுத்துப்போகாதா? சில நாட்களில் மரத்தால் பல்சக்கரம் செய்து வண்டியில் பொருத்தினார்கள். எண்ணும் வேலையை அது எடுத்துக்கொண்டது.

நம் பிள்ளைகளுக்கான விடுமுறை வேலையும் இதுவே. மிதிவண்டிச் சக்கரத்தின் சுற்றளவை அளந்து, ஒரு கம்பியில் துணி கட்டி, வீட்டிலிருந்து தெருமுனை வரை உருட்டிக்கொண்டு எண்ணட்டும். தமிழில்தான் எண்ண வேண்டும். நாற்பத்தொன்பதுக்கு அடுத்து தடுமாறும் பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களை இரண்டு தெரு அனுப்புங்கள்.

அணிவகுப்பில் கைவண்டி இழுத்து வருபவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். 1856-இல் மாட்டு வண்டி வாங்க வசதியற்றவர்கள் அப்படித்தான் வந்தார்கள். காலம் தாழ்த்திப் புறப்பட்ட இரண்டு குழுக்கள் வயோமிங் பனியில் சிக்கி, இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூட், ஷோஷோனி, கோஷூட் ஆகிய பூர்வகுடி மக்களுக்கு இந்த நிலம் புதிதல்ல. வண்டிகள் வருமுன் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த இடம். முதல் குழுவிலேயே கிரீன் ஃபிளேக், ஹார்க், ஆஸ்கர் என்று கறுப்பின இளைஞர்கள் மூவர் இருந்தனர். அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர், அடிமைகள். எமிகிரேஷன் கேன்யன் என்னும் மலையிடுக்கின் வாயிலில் உள்ள திஸ் இஸ் த பிளேஸ் பூங்காவில் அவர்களுக்கும் 2022-இல் சிலை வைத்திருக்கிறார்கள். 1947-இல் எழுப்பிய பெரிய நினைவுச்சின்னத்தின் முன் படம் எடுப்பவர்கள், இந்தச் சிலைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாராட்டும் பகுதியை மட்டும் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பட்டாசு வெடிக்க ஜூலை 22 முதல் 25 வரை சட்டம் இடம் தருகிறது. ஆனால் மலையடிவாரங்களில் புல் காய்ந்து கிடக்கும் காலம் இது. உங்கள் நகராட்சி எங்கெங்கே தடை விதித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் தீபாவளிக்கும் அனுமதி தந்து 2024-இல் சட்டம் நிறைவேறியிருப்பதால், வெடி ஆசையை அதுவரை ஒத்திப்போட்டாலும் தவறில்லை.

அணிவகுப்பு காலையில்தான், என்றாலும் வெயில் சுடும். முன்னிரவே நடைபாதையில் பாய் விரித்து இடம் பிடிப்பவர்கள் ஏராளம்; நிழல் வேண்டுமென்றால் விடியுமுன் போய்விடுங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். சக்கரக் கணக்கை ஆகஸ்ட் முதல் வகுப்பில், எண்ணைத் தமிழ்ச் சொல்லில் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்