நாலாம் பக்கம், 11-ஆம் வரி

அன்புள்ள கண்ணு,

கொலாட்ஸ் ஊகத்தை நிரூபித்துவிட்டதாக நீ எழுதிய கட்டுரை திரும்பி வந்ததையும், அதோடு மதிப்புரையாளர் எழுதியனுப்பிய மதிப்புரையை நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் போட்டிருந்ததையும் பார்த்தேன், படித்தேன். கூடவே "பாத்தீங்களா சார், என்ன திமிருன்னு" என்று ஒரு வரி. பார்த்தேன். "நாலாம் பக்கம் 11-ஆம் வரியில் வரும் 'தெளிவு' என்ற ஒரு சொல்தான் இந்தக் கட்டுரையின் மொத்த நிரூபணம். மற்ற 18 பக்கமும் ஜோடனை." படித்ததும் எனக்கே சுருக்கென்றது. ஆனால் அந்த மனுசர் 19 பக்கத்தையும் படித்திருக்கிறார். படிக்காதவருக்கு வரி எண் எங்கிருந்து கிடைக்கும்?

சரி, அந்த வரிக்கே வருவோம். கொலாட்ஸ் கணக்கு உனக்கு மனப்பாடம்; இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரட்டைப்படை எண்ணைப் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, இப்படியே போனால் எந்த எண்ணும் கடைசியில் 1-க்கு வந்துவிடும் என்பது ஊகம். ஒரு ஒற்றை எண்ணிலிருந்து அடுத்த ஒற்றை எண்ணுக்குப் போகும்போது சராசரியாக முக்கால் பங்காகக் குறைகிறது, ஆகவே எல்லா எண்ணும் இறங்கும் என்பது "தெளிவு" என்று எழுதியிருக்கிறாய். 27-ஐ எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார். 9232 வரைக்கும் ஏறிவிட்டு, 111 படி கழித்துத்தான் 1-க்கு வரும். அதாவது வருகிறது. ஆனால் உன் சராசரியைக் கேட்டு வரவில்லை. சராசரிக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற எண் ஒன்றுகூட இல்லை என்று நீ எங்கேயும் காட்டவில்லை. இன்றைய பெரிய கணித மேதைகளில் ஒருவரான டெரன்ஸ் டாவ் 2019-ல் "கிட்டத்தட்ட எல்லா எண்களும்" மிகவும் கீழே இறங்கும் என்று நிரூபித்தார். அந்தக் "கிட்டத்தட்ட"வை எடுக்க அவராலேயே முடியவில்லை.

நீ திருப்பூரில் செக்கிங் பார்க்கிறவன், உனக்கு இது புரியாமல் இருக்காது. 1000 பீஸ் லாட் என்றால் ஃபைனலுக்கு 80 பீஸ் எடுப்பீர்கள். ஏ.க்யூ.எல் (எவ்வளவு குறை வரைக்கும் ஏற்கலாம் என்கிற வரம்பு) 2.5 என்றால் அஞ்சு பீஸ் டிஃபெக்ட் வரைக்கும் பாஸ், ஆறாவது வந்தால் லாட்டே ஃபெயில். கணக்கில் அந்த அஞ்சுக்கும் இடமில்லை. லாட்டோ முடிவே இல்லாதது. துணியில் ஓட்டை இருந்தால் நீ என்ன செய்கிறாய்? அந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறாய். தைத்தவன் உன்னைத் திட்டுவான். ஆனால் ஸ்டிக்கரே ஒட்டாமல் "சரியில்லை" என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினால் அவன் என்ன செய்வான்?

அடுத்து நீ ராமானுஜனை இழுப்பாய் என்று தெரியும். ஈரோட்டில் பிறந்தவர் என்பதால், நம்ம பக்கம் யார் கட்டுரை திரும்பி வந்தாலும் அவரைத் துணைக்குக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 1912-ல் லண்டன் பேராசிரியர் ஹில், ராமானுஜன் விரிதொடர்களில் (கூட்டக் கூட்ட ஒரு எண்ணில் போய் நிற்காத தொடர்களில்) வழுக்கி விழுந்திருக்கிறார் என்று எழுதினார், எதைப் படிக்க வேண்டும் என்றும் புத்தகம் சொன்னார். 1+2+3+... என்ற தொடருக்கு −1/12 என்று போட்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ராமானுஜன் அதற்கு வேறொரு பொருள் வைத்திருந்தார் என்பது வேறு கதை. ராமானுஜன் கடிதத்துக்குக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி 1913 பிப்ரவரியில் எழுதிய பதிலிலும் புகழ்ச்சியோடு நிற்கவில்லை, நிரூபணம் எங்கே என்று கேட்டார். பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னதில் தப்பு இருந்தது, அதையும் ஹார்டி மூடி மறைக்கவில்லை.

ஜெர்மன் கணிதப் பேராசிரியர் எட்மண்ட் லண்டாவ் கதை உனக்குப் பிடிக்கும். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு (n 2-ஐவிடப் பெரிதானால் aⁿ+bⁿ=cⁿ என்பதற்கு நேர் முழு எண் விடை கிடையாது என்பது) 1908-ல் ஒரு லட்சம் மார்க் பரிசு அறிவித்ததும் "நிரூபணங்கள்" வந்து குவிந்தன. அவர் கார்டே அச்சடித்து வைத்துக்கொண்டார்: முதல் தப்பு இந்தப் பக்கம், இந்த வரி. எண்ணை மட்டும் மாணவர்கள் நிரப்புவார்கள். அச்சடித்த கார்டு அவமானம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் பக்கத்துக்கும் வரிக்கும் இடம் விட்டிருந்தார் பார்.

திரும்பி வந்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆள் தெரிகிறது. அதே ஃபெர்மா தேற்றத்துக்கு ஆண்ட்ரூ வைல்ஸ் கொடுத்த நிரூபணத்தில் 1993-ல் ஓட்டை கிடைத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டி, 1994 செப்டம்பரில் அடைத்தார். 2018-ல் ஜெர்மன் கணிதவியலாளர்கள் ஷோல்ட்ஸும் ஸ்டிக்ஸும் கியோட்டோவுக்கே போய், abc ஊகம் என்கிற பெரிய கணக்கை நிரூபித்துவிட்டதாகச் சொன்ன மோச்சிஸுகியோடு நாள் கணக்கில் பேசிவிட்டு, அவர் கட்டுரையின் கிளைத்தேற்றம் 3.12-ன் நிரூபணத்தில் இடைவெளி இருக்கிறது என்று எழுதினார்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றார் அவர். அந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் கட்டுரை ஒன்று முன்னே திரும்பி வந்தபோது நானும் இரண்டு வருஷம் "அவருக்குப் புரியவில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தாள் பீரோவில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா கண்ணு. உன் கட்டுரையை நானும் முழுசாகப் படித்துவிட்டேன். வரும்போது அந்த அம்பு ஸ்டிக்கர் ஒரு ஷீட் எடுத்துக்கொண்டு வா. அவர் ஓர் இடம்தான் சொல்லியிருக்கிறார், எனக்கு மூன்று தேவைப்படும்.

இப்படிக்கு,
உன் பழைய கணக்கு வாத்தியார்